ஊருக்குள் ஆய்வு வந்தால்... சானடோரியம் ரயில் தடம் சொல்லும் பாடம்

சென்னை கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு செல்லும் மின்சார ரயிலில், குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 'தாம்பரம் சானடோரியம்' என்றொரு நிலையம் இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் ஏறி இறங்கும் இடம். அந்தப் பெயருக்குக் காரணம், பக்கத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 1928-ல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கிய காசநோய் சானடோரியம் அது. 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. ஊருக்கு வெளியே நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் வைத்தியம். அதனால்தான் மரங்கள் அடர்ந்த, அன்று ஆளரவம் குறைந்த தாம்பரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நோய் வந்தவர் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், வீட்டையும் நிலத்தையும் விட்டு அங்கே கிடக்க வேண்டும். உழுகிறவர் படுத்துவிட்டால் அந்தக் குடும்பம் என்ன ஆகும் என்பதை நமக்குச் சொல்லத் தேவையில்லை.

193 பேர் கொடுத்த பதில்

அதே ரயில் தடத்தில் வடக்கே போனால் சேத்துப்பட்டு. இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் இடம். 1956-ல் இங்கே ஒரு கேள்வி எழுந்தது. மாத்திரைகள் வந்துவிட்டன, இனியும் நோயாளியைச் சானடோரியத்தில் வைக்க வேண்டுமா? வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டால் குணமாகாதா?

சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் இந்த ஆய்வில் சேர்ந்தார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை டாக்டரும் முடிவு செய்யவில்லை, நோயாளியும் முடிவு செய்யவில்லை. குலுக்கல் மாதிரிதான். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான வீடு, குறைந்த சாப்பாடு. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரையும் சோதித்தார்கள்.

1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கும் தொற்று கூடுதலாகப் பரவவில்லை என்பது அடுத்தடுத்த ஆண்டுகளில் தெரிந்தது. இதற்குப் பிறகு உலகம் முழுவதும் காசநோய் வைத்தியம் வீட்டுக்கு வந்தது. இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறதென்றால், அந்த 193 பேருக்கும் அதில் பங்கு உண்டு.

'இல்லை' என்பதும் விளைச்சல்தான்

எல்லா ஆய்வும் நல்ல செய்தியோடு முடியாது. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில், பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டார்கள். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. பதினைந்து ஆண்டுகள் வீடு வீடாகப் போய்க் கண்காணித்தார்கள்.

பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை. இதுதான் முடிவு. கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் தடுப்பூசி ஒன்றே போதும் என்று உலகம் நம்பி உட்கார்ந்துவிடாமல், நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்துக் குணப்படுத்துவதே வழி என்று தெளிவுபடுத்தியது அந்தக் கிராமங்கள்தான். குழந்தைகளுக்கு மூளைக் காய்ச்சல் வடிவில் வரும் காசநோயிலிருந்து பி.சி.ஜி. காப்பாற்றுகிறது. அதனால் பிறந்த குழந்தைக்கு இன்றும் அதைக் கட்டாயம் போட வேண்டும்.

அரிசியும் பருப்பும்

அண்மையில், 2019-லிருந்து 2022 வரை, ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகளின் குடும்பங்களில் ஓர் ஆய்வு நடந்தது. சேத்துப்பட்டு நிறுவனத்தாரும் இதில் பங்கேற்றார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பாதிக் குடும்பங்களில் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் மாதந்தோறும் அரிசி, பருப்பு கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 39 சதவிகிதம் குறைந்தது. நாம் விளைவிக்கும் பண்டமே மருந்துக்குத் துணையாக நிற்கிறது.

நம் வயலிலும் இதே கணக்கு

தாம்பரத்தைத் தாண்டி பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி வழியாகப் பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் பக்கம் போனால் காட்டுப்பாக்கம். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் வேளாண் அறிவியல் நிலையம் அங்கே இருக்கிறது. இதே தடத்தில் சைதாப்பேட்டையில் 19-ஆம் நூற்றாண்டில் அரசு சோதனைப் பண்ணை இருந்தது. அங்கிருந்த விவசாயப் பள்ளி 1906-ல் கோயம்புத்தூருக்குப் போய், இன்றைய வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அங்கே சோதனை நடந்தது அரசு நிலத்தில். இன்று வேளாண் அறிவியல் நிலையங்கள் நடத்தும் வயல்வெளி ஆய்வுத் திடல் நம் நிலத்திலேயே அமைகிறது. ஒரு பகுதியில் புது முறை. பக்கத்தில் நம் வழக்கமான முறை.

இங்கேதான் கவனம் வேண்டும். ஒப்பிட விட்ட பகுதியில் பயிர் வாடுகிறதே என்று ராத்திரியில் ஒரு கை உரம் வீசிவிட்டு, மறுநாள் சொல்லாமல் இருந்தால், அந்த ஆய்வே வீண். மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் 'சாப்பிட்டேன்' என்பதும் அதேதான். பங்கேற்பு என்றால் கையெழுத்துப் போடுவது மட்டும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்வது. நம் ஒருவர் பொய், பல ஊர்களுக்குத் தவறான சிபாரிசாகப் போய்ச் சேரும்.

வாசகர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

உண்மை சொல்வது நம் கடமை என்றால், உண்மையைக் கேட்பது நம் உரிமை. யாராவது ஆய்வு என்று ஊருக்கு வந்தால் இவற்றைக் கேளுங்கள்:

• எதற்கான ஆய்வு, யார் நடத்துகிறார்கள்? நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா?

• படிவம் தமிழில் இருக்கிறதா? படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, சார்பில்லாத ஒரு சாட்சி முன்னால்தான் கைநாட்டு வாங்க வேண்டும்.

• நடுவில் விலகலாமா? மருத்துவ ஆய்வில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

• ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு? வயல் ஆய்வென்றால், விளைச்சல் குறைந்தால் என்ன ஏற்பாடு?

• முடிந்த பிறகு, நல்லதோ கெட்டதோ, முடிவை எங்கள் ஊருக்கு வந்து சொல்வீர்களா?

கடைசிக் கேள்வியைக் கேட்க மறந்துவிடாதீர்கள். விதை கொடுத்தவருக்கு விளைச்சல் எவ்வளவு என்று தெரிய வேண்டாமா?