மேலைக் கடற்கரையில் ஒரு நாள்

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்நகரம் அளித்துள்ள நலங்கள் பல. தொழில் உண்டு, கல்வி உண்டு, உடலுக்கு இதமான காற்றும் உண்டு. இல்லாதது கடல் ஒன்றே. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் அமைந்த ஊரில் கடலைத் தேடுவது பேதைமைதான். ஆயினும் நம்முள் பலர் நாகப்பட்டினம், தூத்துக்குடி, கடலூர், இராமநாதபுரம் முதலிய கடற்கரைப் பகுதிகளை விட்டு வந்தவர்கள். நம் பிள்ளைகளோ கடலைத் திரைப்படத்தில் கண்டவர்கள்; மீனைக் கடையில் துண்டு துண்டாகக் கண்டவர்கள். இக்குறையைத் தீர்க்கக் கருதியே சென்ற தைத் திங்களில் குடும்பத்துடன் மங்களூருக்குப் புறப்பட்டோம்.

புறப்பாடு எளிதாக இல்லை. என் தாயார் நாகப்பட்டினத்தை அடுத்த அக்கரைப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அக்கடற்கரையில் ஆயிரக்கணக்கான உயிர்களை ஒரே காலைப்பொழுதில் கொண்டு சென்றதை யாரும் மறந்திருக்க முடியாது. தாயார் தம் ஒரே தம்பியை அன்று இழந்தார், வீட்டையும் இழந்தார். மறு ஆண்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். அதன்பின் அவர் கடலைப் பார்த்ததில்லை, மீனும் உண்டதில்லை. சென்னையில் ஒரு திருமணத்திற்குச் சென்றபோதுகூட மெரினாவின் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. மங்களூர் என்றதும், “கோவில் பார்க்க வருகிறேன். கடற்கரைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்” என்றார். அவ்வாறே ஒப்புக்கொண்டோம்.

இரவு வண்டியில் ஏறினோம். சக்லேசபுரத்திற்கும் சுப்பிரமணிய ரோடு நிலையத்திற்கும் இடைப்பட்ட மலைப்பாதையில் வண்டி ஐம்பதுக்கு மேற்பட்ட குகைகளைக் கடந்து இறங்குகிறது. அகலப்பாதை அமைக்கும் பணிக்காக 1996இல் நின்ற பயணிகள் போக்குவரத்து 2007ஆம் ஆண்டில்தான் மீண்டும் தொடங்கியது. பகல் வண்டியில் சென்றால் மலைக்காட்சி கண்கொள்ளாது. எங்களுக்கு இருளும் குளிரும் சக்கர ஓசையுமே கிட்டின. பொழுது புலரும் வேளையில் தென்னையும் கமுகும் செம்மண்ணும் கண்ணில் பட்டன. காற்றில் ஈரம் கலந்திருந்தது. தாயார் சன்னலோரம் அமர்ந்து ஒன்றும் பேசாமல் வந்தார்.

மங்களூரின் பழைய துறைமுகத்தை மக்கள் ‘தக்கே’ என்று அழைக்கின்றனர். அங்கு முதலில் செல்வதாக எண்ணம். தாயாரை அறையில் விட்டுச் செல்ல மனம் வரவில்லை. “அத்தை, அது கடல் அன்று, குருபுர ஆறு. படகுகள் ஆற்றுக்குள் வந்துதான் நிற்கின்றன” என்று என் மனைவி எடுத்துரைத்தாள். அது உண்மையே. நேத்திராவதி, குருபுரம் ஆகிய இரண்டு ஆறுகளும் கூடிக் கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் உட்புறத்தில் அத்துறை அமைந்திருக்கிறது. பெருங்கப்பல்கள் வருவது வடக்கே பணம்பூரில் உள்ள புதிய துறைமுகத்திற்கு. அது 1974ஆம் ஆண்டில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. “ஆறு என்றால் வருகிறேன்” என்று தாயார் உடன் வந்தார்.

துறையில் நின்ற விசைப்படகுகள் எத்தனை என்று எண்ண முடியவில்லை. கூடை கூடையாக மீன் இறங்கியது. ஏலம் கூறுவோர் குரலும், பனிக்கட்டி உடைக்கும் ஓசையும், காகங்களின் கூச்சலும் ஒன்றாய்க் கலந்து ஒலித்தன. மகன் மூக்கைப் பொத்திக்கொண்டான். தாயார் சற்று நேரம் அசையாமல் நின்றார். பிறகு ஒரு கூடையருகே குனிந்து, “கிழங்கான்!” என்றார். கூடைக்காரப் பெண்மணி, “காணே” என்றார். அடுத்த கூடையைத் தாயார் காட்டினார்: “கானாங்கெளுத்தி.” “பங்குடே” என்று விடை வந்தது. வஞ்சிரம் அங்கே அஞ்சல், மத்தி அங்கே பூதாயி, இறால் எட்டி, நண்டு டெஞ்சி. மீன் ஒன்றே, பெயர்தான் வேறு. இரண்டு முதியவர்களும் ஒருவர் மொழியை ஒருவர் அறியாமலே கூடைகளைச் சுற்றி வந்தனர்.

அங்குப் பேசப்படும் மொழி துளு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பதினெட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். நம் மொழிக்கு அது உறவுமொழி. வீடு அங்கே ‘இல்லு’, கோழி ‘கோரி’, அரிசி ‘அரி’, புளி புளியேதான். அகநானூற்றில் மாமூலனார் துளுநாட்டைப் பெயர் சுட்டிப் பாடியிருக்கிறார். எனவே இவ்வறிமுகம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. ஆனால் உறவிலும் ஒரு விளையாட்டு உண்டு. ஓர் இளைஞன் அப்பெண்மணியை ‘அப்பே’ என்று அழைத்தான். “பாட்டியைப் போய் அப்பா என்கிறானே!” என்று என் மகன் வியந்தான். துளுவில் ‘அப்பே’ என்றால் தாய். ‘அம்மே’ என்றால் தந்தை! இதனைக் கேட்டு என் தாயாரும் சிரித்துவிட்டார்.

இவற்றையெல்லாம் கேட்டுச் சொன்னவள் என் மகள். ஒன்பதாம் வகுப்பில் பயில்கிறாள். கன்னடத்தில் நன்கு பேசுவாள். வீட்டிலும் அவள் கன்னடத்தில் பேசுகிறாளே என்று நான் பலமுறை கடிந்துகொண்டதுண்டு. அன்று அவள் கன்னடம் இல்லையேல் இரு முதியவர்களும் மீன் பெயர்களோடு நின்றிருப்பர். தாயார் கேட்டார்: “உங்கள் வீட்டில் யார் கடலுக்குப் போகிறார்கள்?” மகள் கன்னடத்தில் கேட்டாள். அப்பெண்மணி விடை கூறியதும் மகள் தயங்கினாள். “சொல்லம்மா” என்றார் தாயார். “அவருடைய மூத்த மகன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லையாம், அப்பாயி. ஐந்து ஆண்டுகள் ஆயினவாம்.” தாயார் அப்பெண்மணியின் கையைப் பற்றிக்கொண்டார். “பிறகும் இங்கே வருகிறாயா என்று கேள்” என்றார். “வராமல் எங்கே போவேன்?” என்பதே விடை. அதற்கு மேல் அவர்கள் பேசவில்லை. விடைபெறும்போது அப்பெண்மணி ஒரு கை கிழங்கானைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். சமைக்க இடமில்லை என்று கூறியும் கேட்கவில்லை. நாங்கள் தங்கிய விடுதியின் காவலரிடம் அதனைக் கொடுத்தோம்.

துறையிலிருந்து கதிரி மஞ்சுநாதர் கோவிலுக்குச் சென்றோம். அங்குள்ள லோகேசுவரர் வெண்கலத் திருமேனி மூன்று முகங்களும் ஆறு கைகளும் உடையது. ஆளுப மன்னன் குந்தவர்மன் 968ஆம் ஆண்டில் அதனை நிறுவியதைக் கல்வெட்டு கூறுகிறது. அக்கல்வெட்டில் அவ்விடம் விகாரம் எனப்படுவதால், அங்குப் பௌத்தமும் தழைத்திருந்தது என்பர். தாயாரின் நாகப்பட்டினத்திலும் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய மன்னன் எடுப்பித்த சூடாமணி விகாரம் இருந்தது. கீழைக் கடலோரத்தில் ஒன்று, மேலைக் கடலோரத்தில் ஒன்று. கப்பல் வந்த ஊர்களுக்கெல்லாம் பல சமயத்தாரும் வந்திருக்கின்றனர்.

வந்தவர்கள் வணிகரும்தான். துனீசியாவில் பிறந்த ஆபிரகாம் பென் யிஜூ என்னும் யூத வணிகர் 12ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் மங்களூரில் குடியிருந்து வாணிகம் செய்தார். அவருடைய கடிதங்கள் கெய்ரோ நகரின் பழைய யூத ஆலயத்தில் கிடைத்துள்ளன. பிறந்த ஊரை விட்டுப் பிழைக்கச் சென்று, அங்கேயே குடும்பம் கண்டு, தாய்நாட்டுக் கடிதத்தை எதிர்நோக்கி வாழ்ந்தவர் அவர். நம்மில் யாருக்குத்தான் அவருடைய நிலை விளங்காது?

குன்றின் மேலிருந்து கீழே நோக்கினால் தென்னைகளுக்கு இடையே சிவந்த ஓட்டுக் கூரைகள் தெரிகின்றன. நம் ஊர்களில் ‘மங்களூர் ஓடு’ என்று வழங்குவது இதுவே. பாசல் மிஷனைச் சேர்ந்தவர்கள் 1865ஆம் ஆண்டில் இங்கே ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினர். ஆற்றங்கரைக் களிமண் அதற்கு ஏற்றதாக இருந்தது. கன்னடத்தின் முதல் செய்தித்தாளாகிய ‘மங்களூர சமாசார’வும் 1843இல் அந்த மிஷனைச் சேர்ந்த மோக்லிங் என்னும் செருமானியரால் இங்கிருந்தே வெளியிடப்பட்டது. புனித அலோசியசு கல்லூரியின் சிற்றாலயத்தில் அந்தோனியோ மொசேனி என்னும் இத்தாலியத் துறவி 1899ஆம் ஆண்டளவில் தீட்டத் தொடங்கிய ஓவியங்கள் சுவரையும் கூரையையும் முழுவதும் நிறைத்திருக்கின்றன. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தோம்.

நண்பகலில் பசி மிகுந்தது. ஓர் உணவு விடுதியில், சமைக்கும் முன் மீன்களைத் தட்டில் கொணர்ந்து காட்டினர். நாங்கள் விழித்துக்கொண்டிருக்க, தாயார் செவுளைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றை விரலால் அழுத்தினார். ஒன்றை ஒதுக்கி, “இது நேற்றைய மீன்” என்றார். பரிமாறுபவர் மறுபேச்சின்றி அதனை எடுத்துச் சென்றார். ரவையில் புரட்டி வறுத்த கிழங்கானும், மத்திப் புளிமுஞ்சியும், தேங்காய் அரைத்த மீன் கஸ்ஸியும், சிவந்த புழுங்கலரிசிச் சோறும், நீர் தோசையும் வந்தன. புளிமுஞ்சி என்றால் புளியும் மிளகாயும், பெயருக்கேற்ற சுவை. நீர் தோசை மெல்லிய துணிபோல் மடிந்து கிடந்தது. மகன் முள்ளுக்கு அஞ்சினான். தாயார் கிழங்கானை எடுத்து, நடுமுள்ளை ஒரே இழுப்பில் உருவி அவன் இலையில் வைத்தார். கையில் ஒட்டியிருந்த சிறு துண்டைத் தாமும் வாயிலிட்டார். யாரும் அதைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. என் மனைவி மட்டும் இன்னொரு மீனைப் பேசாமல் அவர் பக்கம் நகர்த்தினாள்.

மாலையில் சுல்தான் பத்தேரிக்குச் சென்றோம். பகைவர் படகுகள் ஆற்றில் நுழையாதபடி காக்கத் திப்பு சுல்தான் 1784ஆம் ஆண்டில் கருங்கல்லால் கட்டிய காவற்கோட்டை அது. அங்கிருந்து ஓடம் ஏறி ஆற்றைக் கடந்தால் தண்ணீர்பாவிக் கடற்கரை. ‘பாவி’ என்றால் கன்னடத்தில் கிணறு. ‘தண்ணீர்’ நமக்குத் தெரிந்ததே. இக்கரையில் ஆறு, அக்கரையில் மரங்களுக்கு அப்பால் கடல். தாயாரிடம் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. நான் அவருடன் இக்கரையில் இருந்துவிடுவது என்று முன்னரே முடிவு செய்திருந்தோம். ஆனால் மகளின் தோளைப் பற்றிக்கொண்டு முதலில் ஓடத்தில் கால் வைத்தவர் அவரே.

மணலில் நின்றோம். அங்குச் சூரியன் கடலுள் இறங்கிக்கொண்டிருந்தது. நாகப்பட்டினத்தில் கடல் கதிரவனை எழுப்பும். இங்கே அவனை உறங்க அழைத்துச் செல்கிறது. “கடலில் சூரியன் இறங்குவதை நான் பார்த்ததே இல்லை” என்றார் தாயார். அலையின் ஓரம்வரை நடந்தார். நீர் பாதத்தைத் தொட்டபோது ஓர் அடி பின்வாங்கினார், பிறகு நின்றார். தம்பியின் பெயரை ஒருமுறை உரக்கச் சொன்னார். அப்பெயரை என் பிள்ளைகள் அவர் வாயால் கேட்டது அதுவே முதல்முறை. “அவர் யார், அப்பாயி?” என்று மகன் கேட்டான். இருட்டும்வரை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேலைக் கடலில் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை. அப்போது துறை வெறிச்சோடியிருக்கும், மழையும் மிகும். மார்கழி, தைத் திங்கள்கள் ஏற்றவை. மீன் ஏலத்தைக் காண விடியலிலேயே செல்ல வேண்டும். வீட்டு முதியவர்களை விட்டுச் செல்லாதீர்கள். மீனின் பெயரை நமக்குச் சொல்ல அவர்களே இருக்கின்றனர். பிள்ளைகளின் கன்னடத்தையும் குறை கூறாதீர்கள். தமிழை நாம் வீட்டில் ஊட்டுவோம். அக்கம்பக்கத்தாரின் துயரைக் கேட்டறிய அவர்கள் மொழியும் வேண்டும்.

திரும்பும் வண்டியில் பிள்ளைகள் உறங்கிவிட்டனர். மலைப்பாதை ஏறத் தொடங்கிய வேளையில் தாயார் என்னை அழைத்தார். “வருகிற டிசம்பரில் நாகைக்கு ஒருமுறை போய்வரலாமா? பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் காட்ட வேண்டும்” என்றார். பயணச்சீட்டுக்கு இப்பொழுதே பதிந்துவிட்டேன்.