நான் எழுதிய 6 ஆம்பியர்

சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையின் சர்வர் அறை என் பொறுப்பில் இருந்தது. வாரந்தோறும் மீட்டரைப் பார்த்து, ஒவ்வொரு ரேக்கும் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பல மாதங்கள் நான் மீட்டர் பக்கமே போகவில்லை. போன வாரத் தாளைப் பார்த்து '6 ஆம்பியர்' என்றே எழுதி வந்தேன். அது பொய்க் கணக்கு.

ரேக்குக்கு இரண்டு மின்வழிகள். ஒன்று போனால் மற்றது முழுச் சுமையையும் தாங்க வேண்டும். இரண்டு இருப்பதே அதற்காகத்தான். எங்களுடையது வழிக்கு ஒரு 16 ஆம்பியர் பிரேக்கர். தொடர்ந்து ஓடும் சுமை அதில் 80 விழுக்காட்டை, அதாவது 12.8 ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்பது தொழிலில் கைக்கொள்ளும் அளவு. எச்சரிக்கை மணியை ஒவ்வொரு வழிக்கும் அந்த அளவிலேயே வைத்தேன். அது தவறு: இரண்டும் சேர்ந்தே 12.8க்குள் அடங்க வேண்டும், வழிக்கு 6.4ஐத் தாண்டும்போதே மணி அடித்திருக்க வேண்டும். புதுச் சர்வர்கள் ஏற ஏற இரண்டு பக்கமும் 12ஐத் தொட்டன. மணி அடிக்கவில்லை.

"அண்ணே, இதுல இன்னும் ஏத்தலாமா?" என்று கேட்டான் என்னிடம் வேலை பழகிய தம்பி. பீடோங் பக்கம் தோட்டத்துப் பையன். "தாராளமா ஏத்து" என்றேன்.

ஜெராய் மலைப் பக்கம் இடி இறங்கிய ஒரு மாலையில் மின்சாரம் போனது. ஒரு வழியின் யுபிஎஸ் பேட்டரி செத்துக் கிடந்தது. அதைச் சோதிப்பதையும் நான்தான் தள்ளிப் போட்டிருந்தேன். மிச்சமிருந்த ஒரே வழியில் 24 ஆம்பியர் பாய்ந்தது. பிரேக்கர் உடனே விழவில்லை; சில நிமிடம் தாங்கி, சூடேறி, பிறகு விழுந்தது. ரேக் முழுவதும் அணைந்தது. 1996 ஆகஸ்ட் 3ஆம் தேதி திரெங்கானுவின் பாக்காவில் தொடங்கிய மின்கோளாறு தீபகற்ப மலேசியாவின் பல மாநிலங்களை இருட்டாக்கியதும் இந்த மாதிரிச் சங்கிலியால்தான்: ஒன்று விழ, அடுத்தடுத்து மற்றவையும் விழுந்தன. பாடம் அத்தனை பழையது. எனக்கும் தெரிந்தது.

ரேக் அணைந்ததில் இரவு ஷிஃப்ட் பெண்களின் ஓவர்டைம் பதிவுகள் அழிந்தன, சம்பளம் தாமதமானது. வீட்டு வாடகைக்கு அந்தப் பணத்தை நம்பி இருந்தவர்கள் அவர்கள்.

விசாரணையில், கடைசிச் சர்வரை ஏற்றியது யார் என்று கேட்டார்கள். தம்பியின் பெயரைச் சொன்னேன். ஏற்றச் சொன்னது நான் என்பதைச் சொல்லவில்லை. என் தாளில் 6 என்று இருந்ததால் என்னை யாரும் சந்தேகிக்கவில்லை. அவனுக்கு வேலை நிரந்தரமாகவில்லை, போய்விட்டான். மீட்டரைப் பார்க்காதது சோம்பல். வாய் திறக்காதது கோழைத்தனம், அதுதான் பெரிய குற்றம்.

பின்னால் நிர்வாகத்திடம் உண்மையை எழுதிக் கொடுத்தேன். அவனை நேரில் பார்த்து மன்னிப்பும் கேட்டேன். அந்த வேலை அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

கூலிமிலோ சுங்கை பட்டாணியிலோ இதே வேலையில் இருப்பவர்களே, இன்றைக்கே ரேக்கின் இரண்டு மீட்டர்களையும் உங்கள் கண்ணால் பார்த்து, இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பார்க்காத எண்ணுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.