எஞ்சினுக்கு ஒரு மாற்றுக் கட்டுப்பாடு

சிங்கப்பூரின் விமான எஞ்சின் தொழில் சாங்கி, லோயாங், சிலேத்தார் வட்டாரங்களில் வேரூன்றியுள்ளது. பழுதுபார்ப்புக் கூடங்களில் தொழில்நுட்பர்கள் போரஸ்கோப் எனப்படும் மெல்லிய கேமராக் குழலை எஞ்சினின் சிறு துளைவழியே நுழைத்து, சுழல்தண்டை மெதுவாகத் திருப்பியபடி ஒவ்வோர் இதழின் விளிம்பையும் ஆராய்கின்றனர். கீறலை ஏற்பதும் மறுப்பதும் கையேட்டின் வரம்பைப் பொறுத்தது. எந்த இதழை மறுபடியும் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்வதோ பழகிய கண்.

‘சற்று அதிகம்’, ‘ஓரளவு குறைவு’ என்ற இத்தகைய அறிவைக் கணக்காக்குவதே 1965இல் லாட்ஃபி ஸாடே வகுத்த ஃபஸ்ஸி லாஜிக். ஒரு வெப்பநிலையை ‘அதிகம்’ அல்லது ‘அதிகமில்லை’ என இரண்டாகப் பிரிக்காமல், அது எழுபது விழுக்காடு ‘அதிகம்’, முப்பது விழுக்காடு ‘மிதம்’ என்று கொள்ள இம்முறை இடந்தருகிறது. எழுபதுகளில் லண்டனில் மம்தானி என்ற ஆய்வாளர் இதைக்கொண்டு ஒரு சிறு நீராவி எஞ்சினை இயக்கிக் காட்டினார். இன்று தேக்காக் கடைகளில் கிடைக்கும் ரைஸ் குக்கர்கள் சிலவற்றிலும் இதே முறை உள்ளது.

எஞ்சின் கட்டுப்பாட்டின் அருமையைச் சாங்கி நேரில் கண்டது. 2010 நவம்பர் 4 அன்று அங்கிருந்து புறப்பட்ட குவான்டாஸ் ஏ380 விமானத்தின் இரண்டாம் எஞ்சின் பாத்தாம் தீவுக்கு மேலே வெடித்துச் சிதற, சிதறல்கள் இறக்கையின் கம்பிகளை அறுத்தன. 469 பேருடன் விமானம் பத்திரமாகத் திரும்பியும், முதலாம் எஞ்சினை விமானியறையிலிருந்து நிறுத்த இயலாமல், தீயணைப்பாளர்கள் ஏறத்தாழ மூன்று மணிநேரம் நீரும் நுரையும் பீய்ச்ச நேர்ந்தது. கம்பி அறுந்த அந்நிலையை எந்தத் தருக்கமும் சீர்செய்திருக்காது. ஆயினும், கட்டளை வந்துசேராத எஞ்சின் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வியை அந்நிகழ்வு எல்லாருடைய கண்முன்னும் வைத்தது.

பெரிய விமானங்களில் எஞ்சின்தோறும் இரு தடக் கணினி எரிபொருளைச் சீராக்குகிறது. சிறு விமானங்களுக்கும் ஆளில்லா விமானங்களுக்கும் அந்தச் செலவு கட்டுபடியாவது கடினம். இரு தடங்களிலும் ஒரே மென்பொருள் ஓடினால் ஒரே பிழை இரண்டையும் வீழ்த்தக்கூடும் என்பதால், அக்கணினி செயலிழந்தால் பொறுப்பேற்கும் மாற்றுக் கட்டுப்பாடு முதன்மைக் கட்டுப்பாட்டின் நகலாக இருத்தல் போதாது. சுழல்வேகம், வெளியேறும் வாயுவின் வெப்பம், விமானி கேட்கும் விசை ஆகிய மூன்றை மட்டும் கேட்டு, ‘வேகம் சற்றுக் குறைவு, வெப்பம் மிதம் எனில் எரிபொருளைச் சிறிது கூட்டு’ என்பது போன்ற ஃபஸ்ஸி விதிகளால் எரிபொருள் வால்வை நகர்த்தும் எளிய சாதனம் இங்கே பொருத்தமானது. எரிபொருள் திடீரென மிகுந்தால் அமுக்கியில் காற்றோட்டம் தடுமாறும், மிகக் குறைந்தால் சுடர் அணையும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியை அவ்விதிகள் காத்தாக வேண்டும்.

ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் ஐந்து நிலை வைத்தால் விதிகள் 125. அனுபவமுள்ள பராமரிப்புப் பொறியாளர் ஒருவர் அவற்றை வரிவரியாகப் படித்துத் தவறானதைச் சுட்டிக்காட்ட முடியும் என்பதே இம்முறையின் உண்மையான மலிவு. அடுத்து, பழுதுநீக்கிய எஞ்சின்களை ஓட்டிப் பார்க்கும் சோதனைக் கூடத்தில், முதன்மைக் கணினியை வேண்டுமென்றே துண்டித்து, எஞ்சின் எவ்வளவு சீராகத் தணிகிறது என்று அளக்க வேண்டும்.