ஹம்பி: நாளைக் குறைத்தால் செலவு குறையுமா?

நவம்பர் 3, திங்கள்

ஹம்பிப் பயணத்துக்குக் கணக்குப் போட உட்கார்ந்தால் முதலில் கை வைப்பது நாள்களின் மேல்தான். ஒரு நாள் குறைந்தால் ஒரு நாள் செலவு மிச்சம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து பெங்களூரு வழியாகவோ குண்டக்கல் வழியாகவோ ஹம்பிக்கு அருகிலுள்ள ஹொசப்பேட்டைக்குப் போய்வரும் கட்டணம், அங்கே ஒரு நாள் இருந்தாலும் மூன்று நாள் இருந்தாலும் மாறாது. கூடுதல் நாளுக்கு ஆவது அறை வாடகை, சாப்பாடு, ஆட்டோ மட்டுமே. ஒரே நாளில் ஓடிவரும் பயணம் மொத்தத் தொகையில் மலிவுதான். நின்று பார்க்கும் மணிநேரத்தால் வகுத்தால் அதைவிட விலை கூடியது வேறில்லை.

நவம்பர் 5, புதன்

நாளைக் குறைக்கக் கூடாது என்பதையே இடத்தின் பரப்பும் சொல்கிறது. 1986இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஹம்பி 4,000 ஹெக்டேருக்கும் மேல் விரிந்தது. கல்தேர் நிற்கும் விட்டலர் கோயில் துங்கபத்திரைக் கரையில். தாமரை மகாலும் யானைக் கொட்டாரமும் தெற்கே அரண்மனைப் பகுதியில். இந்தியருக்கு 40 ரூபாயான நுழைவுச்சீட்டு ஒன்றே அன்று முழுக்க இரண்டு இடத்துக்கும் செல்லும். ஆகவே இவ்விரண்டையும் ஒரே நாளில் வைப்பது சிக்கனம். ஆனால் கட்டணமே இல்லாத ஹஜார ராமர் கோயில்தான் நேரம் கேட்கும். அதன் வெளிமதிலில் அடிவரிசையில் யானைகள், அதற்கு மேல் குதிரைகள், மேலே வீரர்கள், நடனப் பெண்கள் என்று விழா ஊர்வலம் கல்லில் நகர்கிறது. உள்ளே ராமாயணம் காட்சி காட்சியாக ஓடுகிறது. இதைப் பத்து நிமிடத்தில் பார்த்தவர் பார்க்கவில்லை என்றே அர்த்தம்.

நவம்பர் 8, சனி

கூடுதல் நாள் தங்குவதற்கு மறுப்புகள் உண்டு. ஹொசப்பேட்டையில் தங்கினால் வாடகை குறையுமே என்பார்கள். குறையலாம், ஆனால் அங்கிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர். தினமும் போக வர ஆட்டோ பிடித்தால் மிச்சம் பிடித்தது அதிலேயே கரையும், விடியற்காலையும் கைநழுவும். பேருந்தில் போகிறவருக்கு மட்டுமே அது லாபம். கோடையில் அறை மலிவு என்பதும் உண்மை. ஆனால் ஏப்ரல், மே வெயிலில் பாறை அனலாய்க் கொதிக்க, நண்பகல் முழுதும் அறையிலேயே கழியும். பாதி நாளுக்கு முழு வாடகை கொடுப்பது சிக்கனமா? விடுமுறை கிடைக்காது, முதியவர்களால் அலைய முடியாது என்பதே வலுவான மறுப்பு. அதற்கும் விடை இடங்களைக் குறைப்பதுதான். பாதாமி, ஐஹொளெ என்று பட்டியலை நீட்டாமல் ஹம்பியோடு நிற்பதுதான். முதியவர்களுக்குக் காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம் போதும். அதற்கும் நாள்தான் வேண்டும்.

ஹம்பிக்கு இரண்டு இரவாவது ஒதுக்குங்கள். இந்த ஆண்டு முடியாதென்றால், அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்.