பாரிசிலிருந்து வந்த மடிக்கணினி

கோவில்பத்தில் வீடு மந்திரிக்கச் சென்றிருந்தோம். திருவருகைக் காலத்தின் முதல் வாரம். செபம் முடித்து, தீர்த்தம் தெளித்து, விடைபெறும் வேளையில், "சாமி, போவதற்கு முன்னே இவனை இரண்டு வார்த்தை கண்டித்துவிட்டுப் போங்கள்" என்றார் அவ்வீட்டுத் தாய். பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் மகன் சுவரோரம் தலைகுனிந்து நின்றான். மேசைமேல் பழைய மடிக்கணினி ஒன்று மூடிக் கிடந்தது.

காரைக்கால் குடும்பங்கள் பலவற்றிற்குப் பிரான்சு அயல்நாடன்று. 1954 நவம்பர் முதல் நாளன்று ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டு 16இல் அது சட்டப்படி உறுதியானபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்டோர் இங்கு உண்டு. அவர்தம் மக்களும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்கின்றனர். இத்தாயின் அண்ணனும் பாரிசில் இருப்பவர். தாம் பயன்படுத்திய மடிக்கணினியை ஊர் வந்தபோது விட்டுச் சென்றிருந்தார். ஞாயிறுதோறும் மாலையில் பாட்டி அதன்முன் அமர்ந்து மகனைக் கண்டு பேசுவார். கண்ணில் புரை விழுந்த அவருக்குக் கைப்பேசியின் சிறு திரையில் முகம் தெரிவதில்லை.

அதிலிருந்த விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுபோயின. இயந்திரமும் ஆமையாய் ஊர்ந்தது. பையன் விண்டோசை அழித்துவிட்டு, லினக்ஸ் வகையைச் சேர்ந்த டெபியனை நிறுவினான். கணினி சுறுசுறுப்பாயிற்று; வைஃபைதான் போயிற்று. பழுது பார்ப்பவர் ஒருவர், "அட்டை செத்துவிட்டது, இனி இதற்குச் செலவு செய்யாதீர்கள்" என்றாராம். தாய், மகனின் கைப்பேசியைப் பறித்து பீரோவில் பூட்டினார். மூன்று ஞாயிறுகள் கடந்திருந்தன. பாட்டி மட்டும் ஒன்றும் பேசவில்லை.

நாமும் கண்டித்தோம். "தெரியாத ஒன்றில் கை வைக்கலாமா, தம்பி?" என்றோம். அவன் மெல்ல, "அட்டை சாகவில்லை, ஃபாதர். அதற்கு ஒரு கோப்பு வேண்டும்" என்றான். அதைச் சாக்குப்போக்கென்றே கொண்டோம். "முதலில் பணிவைக் கற்றுக்கொள்" என்று சொல்லி, நாமே சரிசெய்து தருவதாக வாக்களித்து இயந்திரத்தைப் பங்கு இல்லத்திற்குக் கொண்டுவந்தோம். ஞானஸ்நானப் பதிவேடு முழுவதையும் கணினியில் ஏற்றியவர் நாம் என்ற செருக்கு நம்மிடம் இருந்தது.

இரண்டு இரவுகள் போராடினோம். பக்கவாட்டில் வைஃபைக்கென்றே ஒரு சிறு தள்ளுவிசை இருக்கக் கண்டு, அதை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தோம். விளக்கு எரியவில்லை. மூன்றாம் நாள் பையனை வரச்சொன்னோம்.

அவன் கறுப்புத் திரையொன்றைத் திறந்து 'எல்எஸ்பிசிஐ' என்ற கட்டளையை இட்டான். கணினிக்குள் இருக்கும் உறுப்புகளின் பட்டியல் வந்தது. அதில் வைஃபை அட்டையின் பெயரும் இருந்தது. "முற்றிலும் செத்த அட்டை பெயர் சொல்லாது, ஃபாதர்" என்றான். அடுத்து 'டிமெஸ்ஜி' என்ற கட்டளை. கணினி எழும்போது தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் குறிப்புகள் ஓடின. அவற்றுள் ஒரு வரி: இன்ன கோப்பு தேவை, அது கிடைக்கவில்லை. பையன் முதல் நாளே நம்மிடம் சொன்னதும் அதுவே.

அந்த அட்டைக்குள் சிறு மூளையொன்று உண்டு. மின்சாரம் நின்றால் அது அனைத்தையும் மறந்துவிடும். கணினி எழும் ஒவ்வொரு முறையும் அதற்குரிய நிரலை ஊட்டியாக வேண்டும். ஃபெர்ம்வேர் என்பது அதுவே. குருமடத்தில் மெய்யியல் வகுப்பில் பொருளும் வடிவமும் பற்றி மணிக்கணக்கில் கேட்டோமே, அது இத்தனை தெளிவாக அன்று விளங்கவில்லை!

நிரல் ஏன் டெபியனோடு வரவில்லை? இவ்வகை அட்டைகளைச் செய்த நிறுவனம் அவற்றின் நுட்பக் குறிப்புகளை வெளியிடவில்லை. தன்னார்வலர்கள் இரு குழுவாகப் பிரிந்தனர். ஒரு குழு நிறுவனத்தின் இயக்கியைப் பிரித்து ஆராய்ந்து குறிப்பெழுதியது. மற்றது மூலத்தைக் காணாமல், அக்குறிப்பை மட்டும் கொண்டு புதிய இயக்கியை எழுதியது. பிறர் உழைப்பைக் களவாடினோம் என்ற பழி வரலாகாது என்பதற்கே இந்த ஏற்பாடு. 2006இல் அது லினக்சில் சேர்ந்தது. ஆயினும் அட்டைக்குள் ஊட்ட வேண்டிய நிரல் நிறுவனத்தின் உடைமை. அதைப் பிறருக்குப் பகிரும் உரிமை கிட்டவில்லை. இத்தகைய மூடிய நிரல்களையும் நிறுவும் தொகுப்பில் சேர்ப்பதென்று டெபியன் உறுப்பினர்கள் 2022 அக்டோபரில் வாக்களித்து, 2023 ஜூனில் வந்த பன்னிரண்டாம் பதிப்பில் சேர்த்தனர். பகிரவே உரிமையில்லாத இந்தப் பழைய அட்டையின் நிரலுக்கு அப்போதும் இடமில்லை. ஒவ்வொருவரும் நிறுவனத்தின் பழைய இயக்கியைத் தாமே இறக்கி, அதிலிருந்து நிரலை வெட்டியெடுத்துக்கொள்ள வேண்டும். வெட்டித் தரும் கருவி டெபியனின் களஞ்சியத்தில் உண்டு.

அதை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர அந்தக் கோப்பு வேண்டும். வாளியோடு கயிறும் கிணற்றுக்குள் விழுந்த கதை. பையனிடம் கைப்பேசி இருந்திருந்தால் கம்பி வழியே அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்திருப்பான். அதுவோ பீரோவில்!

நம் கைப்பேசியைக் கொடுத்தோம். வேலை நடக்கையில், கம்பியில்லாத் தொடர்பு திருச்சபைக்குப் புதிதன்று, மார்க்கோனி அமைத்த வத்திக்கான் வானொலியைத் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931 பிப்ரவரி 12இல் தொடங்கிவைத்தார் என்று சொல்லி நம் மதிப்பைக் காக்க முயன்றோம். அவன் பணிவாகக் கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்தான். கணினி மறுபடி எழுந்தபோது சிறு நீல விளக்கு எரிந்தது.

ஞாயிறு மாலை கோவில்பத்திற்குச் சென்றோம். கடவுச்சொல்லை நாமே தட்டினோம். ஏற்கவில்லை. மறுபடியும் தட்டினோம். இல்லை. "வேறேதோ கெடுத்துவிட்டாயா?" என்ற கேள்வி நாவின் நுனிவரை வந்துவிட்டது. பையன் சிரித்தான். "ஃபாதர், இது பிரெஞ்சு விசைப்பலகை. நான் பள்ளியில் பழகியபடி ஆங்கில முறையில் வைத்திருக்கிறேன். நான் பார்க்காமல் அடிப்பவன். நீங்கள் எழுத்தைப் பார்த்து அடிக்கிறீர்கள்." உண்மைதான். 'ஏ'யை அழுத்தினால் 'கியூ' விழுகிறது. 'எம்'மை அழுத்தினால் அரைப்புள்ளி. கடவுச்சொல்லோ புள்ளிகளாய் மறைந்து நிற்பதால் பிழை கண்ணுக்குத் தெரியவில்லை. அவன் தட்டினான். இணைந்தது.

அப்போதே, தாயின் முன்னிலையில், "தம்பி, அன்று நீ உண்மையைச் சொன்னாய். நாம் கேட்கவில்லை. எம்மை மன்னித்துக்கொள்" என்றோம். சொல்வது எளிதாக இல்லை. அவன் என்ன செய்வதென்று அறியாமல் பாட்டியின் நாற்காலியைத் திரைக்கருகே இழுத்தான்.

நமக்கு மாலை ஏழரை. பாரிசில் பிற்பகல் மூன்று. மகனின் முகம் திரை நிறையத் தோன்றியதும் பாட்டி, "ஏன்டா இளைத்துப்போனாய்? அங்கே குளிரா?" என்றார். தாய் உள்ளே சென்று காப்பி கொண்டுவந்தார். முதல் குவளை நமக்கு வரவில்லை, மகனிடம் சென்றது. பீரோச் சாவி அவர் இடுப்பில்தான் இன்னும் இருந்தது.