வாதியாக நின்ற பறவை

நீதிமன்ற எழுத்தராக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணியாற்றியவன் நான். வழக்குக் கட்டுகளின் மேலுறையில் 'வாதி' என்னும் சொல்லுக்கு எதிரே எத்தனையோ பெயர்களை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். சிறுவர்களுக்காகக் காப்பாளர் வழக்காடுவதும், கோயில் மூர்த்தியே வாதியாகப் பதிவாவதும் நம் நாட்டுச் சட்டத்திற்குப் புதியனவல்ல. எனினும், ஒரு குருவியின் பெயர் முதல் வாதியாக நின்ற அமெரிக்க வழக்கொன்றைப் பற்றிப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

அக்குருவியின் பெயர் பலீலா. ஃபிஞ்ச் குடும்பத்தைச் சேர்ந்தது. ஹவாய்த் தீவுகளுக்கே உரியது. பொன்மஞ்சள் தலையும் மார்பும், சாம்பல்நிற முதுகும், தடித்துக் கறுத்த அலகும் கொண்டது. எடை ஏறத்தாழ 40 கிராம். மௌனா கேயா என்னும் எரிமலையின் சரிவில், கடல் மட்டத்திற்கு மேல் 2,000 முதல் 3,000 மீட்டர் வரை உள்ள வறண்ட காடும் புதர்வெளியுமே இன்று அதற்கு எஞ்சிய உலகம். ஒரு காலத்தில் கடலோரச் சமவெளியிலும் அது வாழ்ந்ததற்குப் புதைபடிவ எலும்புகள் சான்றாகின்றன. ஆக, மலை அதன் பிறப்பிடம் மட்டுமன்று, புகலிடமும்கூட. 19ஆம் நூற்றாண்டில் கப்பல்களோடு வந்து சேர்ந்த கொசுக்கள் பரப்பும் பறவை மலேரியா, குளிர்ந்த அம்மேட்டு நிலத்தை எளிதில் எட்டுவதில்லை.

அதன் உணவைப் பற்றி அறிந்தபோதுதான் என் வியப்பு பன்மடங்காயிற்று. அம்மலையில் வளரும் மாமனே என்னும் மரத்தின் முற்றாத விதைகளே பலீலாவின் முதன்மையான ஆகாரம். காயைப் பறித்து, காலால் அழுத்திப் பிடித்து, அலகால் பிளந்து உண்ணும். அவ்விதை மற்றச் சிறு பறவைகளுக்கு நஞ்சு. இதற்கோ அன்றாட அன்னம். அம்மரம் சரிவின் எல்லா உயரத்திலும் ஒரே காலத்தில் காய்ப்பதில்லை. ஓரிடத்தில் காய் முற்றும்போது வேறோர் உயரத்தில் பிஞ்சு விடும். பறவையும் பிஞ்சைத் தேடி மேலும் கீழுமாக நகர்கிறது. எனவே, ஒரு தோப்பைக் காத்துவிட்டு, 'இதில் இருந்துகொள்' என்று அதனிடம் சொல்ல இயலாது. சரிவு முழுவதும் அதற்கு வேண்டும்.

அச்சரிவைத்தான் ஆடுகள் தின்றன. ஆடு சாதுவான பிராணி. அதன்மேல் பழி சுமத்த யாருக்கும் மனம் வராது. ஐரோப்பியரின் கப்பல்களில் வந்திறங்கிய செம்மறியும் வெள்ளாடும் காட்டில் பெருகின. மேயும் மந்தைகளை அறியாது வளர்ந்த அம்மரங்களுக்கு அவற்றினின்று தற்காப்பு ஏதுமில்லை. முதிய மரங்கள் நின்றன. கன்றுகள் முளைத்த உடனே மேயப்பட்டன. காட்டுக்கு அடுத்த தலைமுறையே இல்லாமற்போயிற்று. மாநில அரசோ, வேட்டைக்காரர்களின் பொழுதுபோக்கிற்காக அந்த மந்தைகளைப் பேணி வந்தது.

1978இல் சியரா கிளப் முதலிய இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் பலீலாவின் பெயரை முன்னிறுத்தி வழக்குத் தொடுத்தன. அரிய உயிரினத்திற்குத் 'தீங்கு' செய்யலாகாது என்கிறது 1973ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம். பறவையைச் சுடுவது தீங்குதான். அது உண்ணும் மரத்தின் கன்றை ஆடு மேய விடுவது? அதுவும் தீங்கே என்று 1979இல் நீதிபதி சாமுவேல் கிங் தீர்ப்பளித்து, ஆடுகளை மலையினின்று அகற்ற ஆணையிட்டார். 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வேட்டைக்கென்றே 1960களில் விடப்பட்ட மௌஃப்லான் என்னும் காட்டுச் செம்மறியைக் குறித்து மீண்டும் வழக்கு நடந்தது. 1986இலும் 1988இலும் பறவையே வென்றது. நாற்பது கிராம் எடையுள்ள வாதி ஓர் அரசை இருமுறை தோற்கடித்தது என்று எண்ணும்போது, பழைய குமாஸ்தாவாகிய எனக்குச் சற்றுப் பெருமிதமாகவே இருக்கிறது.

ஆனால், நீதிமன்றத்தில் ஊழியம் செய்தவர்கள் ஒன்றை அறிவார்கள். தீர்ப்பு நகலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீடு திரும்பியவர், நிறைவேற்று மனுவோடு மறுபடியும் அதே படியேறுவார். எத்தனை பேரை அப்படிக் கண்டிருக்கிறேன்! பலீலாவின் கதையும் அதுவே. ஆணைகள் பிறந்த பின்னரும் ஆடுகள் முற்றாக ஒழியவில்லை. வேலிகள் மெல்லவே எழுந்தன. வறட்சி காய்ப்பைக் குறைத்தது. அயல்நாட்டிலிருந்து வந்த பூனைகள் கூடுகளைச் சூறையாடின. பெரும்பாலும் இரண்டே முட்டையிடும் பறவை இவற்றுக்கு எவ்வாறு ஈடுகொடுக்கும்? 2003இல் ஆறாயிரத்துக்கு மேல் இருந்ததாக மதிப்பிடப்பட்ட அதன் தொகை, 2021இல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. பண்டைய வாழிடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இன்று அதன் வசம் இல்லை.

அம்மலைச் சரிவில் இப்போது தன்னார்வலர்கள் மாமனேக் கன்றுகளை நட்டு வருகிறார்கள். அது மெல்ல வளரும் மரம். இன்று நட்ட கன்றில் பிஞ்சு பிடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை எஞ்சியிருக்கும் முதிய மரங்களை நாடியே பறவைகள் மேலும் கீழுமாகப் பறந்துகொண்டிருக்கின்றன.