எழுதிய பொறியே வாசிக்கும் ஏடு

ஒருவர் எழுதியதை அவர் மட்டுமே வாசிக்க முடியுமாயின் அதனால் ஊருக்கு ஆவது ஒன்றுமில்லை. விளங்காத கையெழுத்தில் அமைந்த மருந்துச்சீட்டோடு கடை வாசலிலே நின்றவர்களுக்கு இது நன்கு தெரியும். நம் வீட்டு அலுமாரிகளிலே உறங்கும் இறுவட்டுகள் பலவும் இன்று அத்தகைய சீட்டுகளாகவே இருக்கின்றன. பதிந்த பொறியிலே படமும் பாட்டுமாய் விளங்கிய வட்டினை அடுத்த வீட்டுப் பொறியில் இட்டால், 'வட்டு இல்லை' என்று அது வெளியே தள்ளிவிடுகின்றது. நாமும் வட்டுப் பழுதாய்விட்டது என்று முடிவுசெய்து குப்பைக் கூடைக்கு அனுப்பிவிடுகின்றோம். அவ்வாறு போவனவற்றுள் பல உண்மையிலே பழுதானவை அல்ல என்பதே இங்கு நான் சொல்ல விரும்புவது.

கடையிலே வாங்கும் திரைப்பட வட்டும், நாம் வீட்டிலே பதியும் வட்டும் தோற்றத்தால் ஒன்றுபோலிருப்பினும் பிறப்பால் வேறானவை. முன்னதிலே தொழிற்சாலை அச்சு நுண்ணிய குழிகளை அழுத்தியிருக்கும். ஒருமுறை மட்டும் பதியத்தக்க பின்னதிலோ சாயப்படலம் ஒன்று உண்டு. பதியும் பொறியின் லேசர் ஒளி அச்சாயத்தை இடையிடையே சுட்டு மங்கச் செய்கின்றது. இதனாலேயே இத்தொழிலை 'எரித்தல்' என்கிறார்கள். 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏடுகள் எரிந்ததை அறிந்த நமக்கு, காப்பதற்காகவும் எரிக்கலாம் என்பது சற்று விசித்திரமாகத்தான் தோன்றும்.

மங்கிய இடத்தையும் மங்காத இடத்தையும், திரும்பி வரும் ஒளியின் வேறுபாட்டினாலே பிரித்தறிவதுதான் வாசிக்கும் பொறியின் வேலை. வட்டின் எழுத்து, நடுவிலிருந்து வெளிநோக்கிச் செல்லும் ஒரே சுருள் வரியாகும். அச்சுருளின் அடுத்தடுத்த சுற்றுகளுக்கிடையே சீடீயிலே 1.6 மைக்றோமீற்றர் தூரமும் டீவீடீயிலே 0.74 மைக்றோமீற்றர் தூரமுமே உண்டு. இத்துணை நுண்ணிய எழுத்தை ஒரு பொறி தெளிவாக வாசிப்பதும், தூசு படிந்த வில்லையையுடைய மற்றொரு பொறி தடுமாறுவதும் வியப்பன்று.

ஆகவே, எழுதிய பொறி, வட்டு, வாசிக்கும் பொறி என்னும் மூவருள் குற்றம் யாரிடத்தது என்று முதலிலே விசாரித்தல் வேண்டும். வட்டினை அது பதியப்பட்ட பொறியிலேயே மீண்டும் இட்டுப் பாருங்கள். அங்கும் வாசிக்கப்படவில்லையாயின் வட்டிலே அழுக்கோ கீறலோ சாயக்கேடோ இருக்கலாம். அங்கே வாசிக்கப்பட்டால், மறுத்த பொறியிலே கடை வட்டு ஒன்றையும், பிறிதொரு பதிந்த வட்டையும் இட்டுப் பாருங்கள். கடை வட்டை ஏற்றுப் பதிந்தவற்றை எல்லாம் தள்ளுமாயின் குறை பெரும்பாலும் அப்பொறியினது. மற்றவற்றை ஏற்று இந்த ஒன்றை மட்டும் தள்ளுமாயின், இவ்வட்டு எவ்வகையது, எவ்வாறு பதியப்பட்டது என்று ஆராய்தல் வேண்டும். ஐந்து நிமிடச் சோதனை இது. பழுதுபார்க்கும் கடைக்கு ஓடுமுன் செய்யத்தக்கது.

சென்ற ஆண்டு வவுனியாவிலிருந்து வந்த என் மாமி, பழைய சேலைத் துண்டிலே சுற்றிய டீவீடீ ஒன்றை என்னிடம் தந்தார். 2007ஆம் ஆண்டிலே, தொலைக்காட்சியோடு இணைக்கும் வீட்டுப் பதிவுப்பொறி ஒன்றினாலே என் மச்சான் பதிந்தது அது. அதிலே இருப்பது, இப்போது உயிருடன் இல்லாத என் அப்பாச்சியின் பேச்சு. மச்சான் கனடாவுக்குப் போகுமுன் அப்பொறியை விற்றுவிட்டார்.

"மூண்டு கடையிலை காட்டினனான் தம்பி. இதுக்குள்ளை ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டாங்கள்" என்றார் மாமி.

வட்டை வெயிலிலே வைக்காது விளக்கொளியிலே சாய்த்துப் பார்த்தேன். உள்விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஒரு விரல் அகலத்துக்கு நிறம் வேறுபட்டிருந்தது. எழுதிய பகுதியும் எழுதாத பகுதியும் இவ்வாறு கண்ணுக்கே புலப்படும். உள்ளே ஏதோ இருக்கின்றது என்பதற்கு அதனினும் நல்ல சாட்சி வேண்டியதில்லை. கணினியிலே இட்டபோது, 'இது வெறும் வட்டு, இதில் எழுதலாமா?' என்னும் பொருள்பட ஒரு கேள்வி வந்தது. இந்த இடத்திலே ஒருபோதும் 'ஆம்' என்று விடையளித்தல் ஆகாது. உள்ளதன்மேல் எழுதிக் கெடுத்துவிட அந்த ஒரு சொல் போதும்.

நடந்தது இதுதான். ஒரு நூலை எழுதியபின் பொருளடக்கம் சேர்த்துக் கட்டுவதுபோல, வட்டிலே பதிந்தபின் அதனை 'முடித்துவைத்தல்' வேண்டும். அப்பொழுதே எந்தப் பகுதி எங்கே தொடங்குகின்றது என்னும் விவரம், ஏனைய பொறிகள் தேடும் இடத்திலே எழுதப்படுகின்றது. முடித்துவைக்காத வட்டை அதனைப் பதிந்த பொறி அறியும். மற்றவை பெரும்பாலும் அறியா. அதே வகைப் பதிவுப்பொறி கிடைத்திருந்தால் அதிலுள்ள முடித்துவைக்கும் கட்டளையை அழுத்தியே காரியத்தை முடித்திருக்கலாம். அது கிடைக்கவில்லை. எனவே, வாசிக்க மட்டுமன்றி எழுதவும் வல்ல கணினிச் செலுத்தி ஒன்றிலே வட்டை இட்டு, பொருளடக்கத்தை நம்பாது பகுதி பகுதியாக வாசிக்கும் மீட்பு மென்பொருளினாலே முழுவதையும் பிரதி எடுத்தேன். திரையிலே அப்பாச்சி முற்றத்திலிருந்து பனங்கிழங்கு கிழித்துக்கொண்டே, 1964ஆம் ஆண்டு மார்கழிச் சூறாவளியிலே கூரை போன கதையைச் சொன்னார். மாமி இறுதிவரை வாய் திறக்கவில்லை. முடிந்தபின், "உதைக் கனடாவுக்கும் அனுப்ப ஏலுமோ?" என்று மட்டும் கேட்டார்.

எல்லா வட்டுக்கும் காரணம் இதுவன்று. அழித்து அழித்து எழுதத்தக்க சீடீ-ஆர்டபிள்யூ வட்டு, அச்சுவட்டினும் மிகக் குறைந்த ஒளியையே திருப்பி அனுப்பும். அச்சுவட்டுக்கு 70 வீதம் என்றால் இதற்கு 15 முதல் 25 வீதம் வரையே. எனவே பழைய பாட்டுப்பொறிகள் அதனைக் காணமாட்டா. அத்தகையதை ஒருமுறை மட்டும் எழுதும் வட்டுக்கு மாற்றிவிடுவதே வழி. டீவீடீ பிளஸ்-ஆர் வட்டைப் பதியும்போது, அதன் வகைக்குறியை அச்சுவட்டின் குறியாக மாற்றச் சில செலுத்திகள் இடங்கொடுக்கும். அவ்வாறு செய்தால், முன்னர் மறுத்த பொறிகளுட் சில அதனை ஏற்கும். கணினிக்குரிய வீடியோக் கோப்பை அப்படியே பதிந்துவிட்டு, பழைய டீவீடீ பொறி ஓட்டவில்லை என்று வட்டை நோவதும் முறையன்று. அதனை டீவீடீ வீடியோ முறைக்கு மாற்றிப் பதிதல் வேண்டும். உச்ச வேகத்திலே எழுதாது, வட்டின்மேல் குறித்த வேகத்திற் பாதியளவோடு எழுதுவதும் நன்று.

பேணுதலிலும் கவனம் வேண்டும். சீடீயிலே எழுத்திருக்கும் படலம் பெயரெழுதும் மேற்புறத்துக்கு மிக அண்மையிலே இருக்கின்றது. குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி எழுதினாலே அது கெடும். ஒட்டிய கடதாசி வட்டின் சமநிலையைக் கெடுத்துச் சுழற்சியிலே நடுங்கச் செய்யும். துடைக்கும்போது மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் எழுத்தின் வழியே நீண்டுவிடும். வெயில் சாயத்தின் பகைவன் என்பதையும் மறவாதீர்கள்.

நம்முன்னோர் இச்சிக்கலை வேறு வடிவிலே கண்டவர்களே. பனையோலை எத்துணை நன்றாகப் பேணினும் செல்லரிக்கும் என்றறிந்து அவர்கள் தலைமுறைதோறும் புதிய ஓலையிலே பிரதி செய்தார்கள். சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சிதைந்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றினார். ஏடு வாசிக்க வல்லவர்கள் இருக்கும்போதே அது செய்யப்பட்டமையால் நூல் பிழைத்தது. இன்றோ புதிய மடிக்கணினிகள் பலவற்றிலே வட்டு இடும் வாயே இல்லை. வாசிக்கும் பொறிகள் குறைந்துவருகின்றன.

ஆதலால் வரும் விடுமுறையிலே உங்கள் அலுமாரியைத் திறவுங்கள். வெளியே இணைக்கும் செலுத்தி ஒன்றை உறவினரிடமோ நண்பரிடமோ இரவல் வாங்குங்கள். வாசிக்கக்கூடிய வட்டுகளை அன்றே இரண்டு இடங்களிலே பிரதி செய்து, ஒன்றை வேறொரு வீட்டிலே வையுங்கள். வாசிக்க மறுப்பவற்றை எறியாது, பெயரும் ஆண்டும் எழுதிய உறையிலிட்டு வேறாக வைத்துவிட்டு, மேலே சொன்ன ஒழுங்கிலே ஒவ்வொன்றாக விசாரியுங்கள். வீட்டிலே கணினி கற்கும் பிள்ளைகள் இருப்பின் இப்பணியை அவர்களிடமே ஒப்படைக்கலாம். தாம் காணாத பாட்டன் பாட்டியின் குரலை அவர்களே முதலிற் கேட்கட்டும்.